ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு செப்புத் துண்டு

குளிர்பதன வரலாற்றைத் தேடிப் படித்தால் எல்லா இடத்திலும் வாயுக்களின் கதைதான் கிடைக்கிறது. முதலில் அம்மோனியா, பிறகு சல்ஃபர் டை ஆக்சைடு, அப்புறம் ஃப்ரியான், ஓசோன் ஓட்டை, மான்ட்ரியல் ஒப்பந்தம். நல்ல கதைதான், இல்லேன்னு சொல்லல. ஆனால் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ஒரு செப்புத் துண்டு இருக்கும். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம். சில மெக்கானிக்குகள் ஃபில்டர் என்பார்கள், சிலர் டிரையர் என்பார்கள். வெட்டிப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள். வாயுக்களின் கதையை இந்த உருண்டைகளை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது என்பது என் கட்சி.

அம்மோனியாவுக்குத் தண்ணீர் பகை இல்லை. இரண்டும் தாராளமாகக் கலந்துவிடும். குழாய்க்குள் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அது தனியாகப் பிரிந்து பனிக்கட்டி ஆகாது. ஆனால் கசிந்தால் ஆளைக் கொல்லும். ஐஸ் பேக்டரிக்குச் சரி, சமையலறைக்கு ஆகாது. 1927ல் ஜெனரல் எலக்ட்ரிக் விற்ற ‘மானிட்டர் டாப்’ ஃப்ரிட்ஜில் இருந்தது சல்ஃபர் டை ஆக்சைடு. அதில் ஈரம் சேர்ந்தால் அமிலம் உண்டாகி உலோகத்தை அரிக்கும். ஆக, உலர்த்த வேண்டிய தேவை அப்போதே இருந்தது.

1928ல் தாமஸ் மிட்ஜ்லியின் குழு ஆர்-12ஐ உருவாக்கியது. (பெட்ரோலில் ஈயம் கலக்க வழி சொன்ன அதே மிட்ஜ்லிதான். மனுஷன் கை வைத்ததெல்லாம் அப்படி!) 1930ல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் அவர் அந்த வாயுவை உள்ளே இழுத்து, அதே மூச்சை ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது.

மனிதனுக்குப் பாதுகாப்பான அந்த வாயு, தண்ணீர் விஷயத்தில் மட்டும் படு கறார். அறை வெப்பநிலையில் அதில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 100 பங்கு தண்ணீர்தான் கரையும். மைனஸ் 20 டிகிரிக்குப் போனால் 10 பங்கு கூடக் கரையாது. ஃப்ரிட்ஜில் இந்தக் குளிர்ச்சி உண்டாகிற இடம் கேபிலரி குழாயின் கடைசி முனை. அதன் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கரையாமல் பிரிந்த ஈரம் அங்கேயே உறைந்து துளையை அடைத்துவிடும். ஃப்ரிட்ஜ் நிற்கும், பனி உருகும், மறுபடி ஓடும், மறுபடி அடைக்கும். பனி கட்டாமலிருக்க உள்ளே மெத்தனால் ஊற்றும் வழக்கம்கூட இருந்தது. அது அடைப்பைத் தீர்த்துவிட்டு அரிப்பைத் தொடங்கி வைத்தது.

கால்சியம் குளோரைடு, சிலிக்கா ஜெல், ஆக்டிவேட்டட் அலுமினா என்று பலதைப் போட்டுப் பார்த்தார்கள். வேலை செய்தன, ஆனால் ஒரு குறை. கண்டென்சரிலிருந்து திரவம் சூடாகத்தான் வரும். அதிலிருக்கும் ஈரமோ மிகச் சொற்பம். அந்த நிலையில் சிலிக்கா ஜெல்லின் பிடி தளர்ந்துவிடும்.

தீர்வு வந்தது ஃப்ரிட்ஜ் ஆராய்ச்சியிலிருந்து இல்லை. யூனியன் கார்பைடின் லிண்டே பிரிவில் ராபர்ட் மில்டன் என்ற வேதியியலாளர் காற்றிலிருந்து ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் பிரிக்க நல்ல பொருள் தேடிக்கொண்டிருந்தார். ஜியோலைட் என்ற கனிமம் 1756லேயே தெரிந்ததுதான். ஸ்வீடனின் குரோன்ஸ்டெட் சூடாக்கியபோது ஆவி கொப்பளித்ததால் ‘கொதிக்கும் கல்’ என்று கிரேக்கத்தில் பெயர் வைத்தார். 1949ல் மில்டன் ஆய்வகத்திலேயே செயற்கையாக ஒரு ஜியோலைட் செய்தார். அதுதான் ஜியோலைட் ஏ. அதன் துளைகள் எல்லாம் ஒரே அளவு, சுமார் 4 ஆங்ஸ்ட்ராம். தண்ணீர் மூலக்கூறு 3க்கும் குறைவு, உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். ஆர்-12 பெரிசு, வெளியே நின்றுவிடும். புரோக்கிராம் எழுதுகிறவனாகச் சொன்னால், இவ்வளவு சுத்தமான ‘இஃப் கண்டிஷன்’ நான் எழுதியதில்லை. 1954ல் விற்பனைக்கு வந்தபோது அதன் முதல் பயன்களில் ஒன்று குளிர்பதன வாயுவை உலர்த்துவது. காற்றைப் பிரிக்கக் கிளம்பியவருக்கு ஃப்ரிட்ஜ் முந்திக்கொண்டது. மிட்ஜ்லி பெயர் பாடப்புத்தகம்வரை போயிருக்கிறது. மில்டனை எத்தனை பேருக்குத் தெரியும்?

1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆர்-12 போய் ஆர்-134ஏ வந்தது. பழைய மினரல் ஆயில் இதோடு கலக்காது, அதனால் எஸ்டர் ஆயில் போட்டார்கள். அது காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் பிரிந்து அமிலமாகும். பழைய கோளாறில் ஃப்ரிட்ஜ் நின்று நின்று ஓடி நமக்குச் சொல்லிவிடும். இது சத்தமில்லாமல் மோட்டார் சுருளைத் தின்னும். பொட்டாசியத்தைச் சேர்த்துத் துளையை 3 ஆங்ஸ்ட்ராமாகச் சுருக்கிய உருண்டைகள் டிரையருக்குள் வந்தது இந்த மாற்றத்தோடுதான்.

மூணு வருஷம் முன்னாடி எங்க வீட்டில் கேஸ் நிரப்ப வந்தவர் பழைய டிரையரையே விட்டுவிட்டார். வாக்குவம் பம்ப்பும் கொண்டுவரவில்லை. ஒரே கோடையில் கம்ப்ரசர் போனது. மிச்சம் பிடித்தது ஒரு டிரையரின் விலை, கட்டியது கம்ப்ரசரின் விலை. இரண்டாவதாக வந்தவர் வயசானவர். எல்லாப் பற்றவைப்பு வேலையும் தயாரான பிறகுதான் புது டிரையரின் மூடியைக் கழற்றினார். ஏன் என்று கேட்டேன். “தொறந்து வெச்சா அது பாட்டுக்கு குடிக்க ஆரம்பிச்சிடும் சார், அப்புறம் உள்ள போய் எதக் குடிக்கும்?” என்றார்.