சேராத கையின் வலிமை

போக்கர் ஆட்டத்தில் இருவர் மட்டும் எதிரெதிரே அமரும் கட்டத்தை ஹெட்ஸ்-அப் என்பர். நன்கு வளர்ந்துவந்த கை கடைசிச் சீட்டில் பொய்த்துவிட, எதிரில் இருப்பவரோ முன்பின் அறியாதவர் என்றால் என்ன செய்வது? இக்கேள்விக்குப் புகழ்பெற்ற விடையொன்று 2003இல், லாஸ் வேகாஸ் நகரின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூவில் நடந்த உலகப் போக்கர் தொடரில் கிடைத்தது.

முதன்மைப் போட்டியில் ஆடிய 839 பேரில் இறுதியாக எஞ்சியவர் இருவர். ஒருவர், லெபனானில் பிறந்த தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபர்ஹா. மற்றவர் டென்னசி மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர்; இணையத்தில் நூறு டாலருக்கும் குறைவாகச் செலுத்தித் தகுதிபெற்று வந்தவர்.

ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவில். ஐந்து சீட்டு நடுவே பொதுவில். மணிமேக்கரிடம் இருந்தவை இஸ்பேட் ராஜா, ஆட்டின் ஏழு. பொதுவில் விழுந்த முதல் நான்கு: இஸ்பேட் ஒன்பது, டைமன் இரண்டு, இஸ்பேட் ஆறு, இஸ்பேட் எட்டு. இன்னோர் இஸ்பேட் வந்தால் ஃப்ளஷ். ஐந்தோ பத்தோ வந்தால் தொடர்வரிசை. ஃபர்ஹா கட்டிய 3,00,000 வில்லைகளை அவர் 8,00,000 ஆக உயர்த்தினார், ஃபர்ஹாவும் ஈடுகொடுத்தார். ஐந்தாவதாக வந்தது ஆட்டின் மூன்று. எதுவும் சேரவில்லை. ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி. வெல்லும் கை அதுவே.

ஃபர்ஹா பந்தயம் கட்டாமல் விட, மணிமேக்கர் தம் வில்லைகள் அனைத்தையும் முன்னே தள்ளினார். ஃப்ளஷ் சேரவில்லை போலும் என்று ஃபர்ஹா வாய்விட்டே ஊகித்தார். ஊகம் சரி. ஆயினும் சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கினார்.

ஏன்? பழகிய எதிராளியாயின் அவருடைய பழைய ஆட்டங்கள் சாட்சி சொல்லும். புதியவருக்கு அவர் கட்டும் பந்தயமே சாட்சி. மூன்றாம் இஸ்பேட் விழுந்ததும் உயர்த்தியதும், பின்னர் அனைத்தையும் வைத்ததும் ஒரே கதையைச் சொல்லின. ஒரு கணக்காளர் இத்துணைத் துணிவாரா என்ற ஐயமும் ஃபர்ஹாவைத் தடுத்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இதன் கணக்கை வான் நாய்மன், மோர்கன்ஸ்டெர்னுடன் எழுதி 1944இல் வெளியிட்ட நூலிலேயே காட்டிவிட்டார். அவருடைய இருவர் போக்கர் மாதிரியில், பந்தயம் கட்டவேண்டியவை மிக நல்ல கைகளும் மிக மோசமான கைகளுமே; நடுத்தரக் கைகள் பொறுத்திருக்கவேண்டும். நடுத்தரக் கை காட்டினாலும் வெல்லக்கூடும். சேராத கைக்கோ பந்தயமே வழி. மேலும், ஒருபோதும் பொய்க்காதவரின் நல்ல கைக்கு எவரும் பணம் தரமாட்டார். எனினும் அளவு மீறினால் நட்டமே. சீட்டைக் கைவிட மனமில்லாத எதிராளியிடம் இவ்வித்தை பலிக்காது.

2017இல் லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல், பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் வென்றது. எதிராளிகளின் குணத்தைப் படித்து அன்று. தன் உத்தியின் ஓட்டைகளை இரவுதோறும் அடைத்தே வென்றது.

மணிமேக்கர் அத்தொடரை வென்று 25,00,000 டாலர் பெற்றார். அடுத்த ஆண்டில் ஆட வந்தோர் 2,576 பேர். அறியாத எதிராளியின் மனத்தை ஊகிப்பதைவிட, நம் பந்தயங்கள் அவருக்கு என்ன கதை சொல்லியிருக்கின்றன என்று எண்ணிப்பார்ப்பதே தக்கது.