நூறுக்கு ஒன்று: அமெரிக்கக் கோகைன் தண்டனைச் சட்டத்தின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 1986 முதல் 2010 வரை, கோகைன் என்ற ஒரே போதைப்பொருளின் இரு வடிவங்களுக்கு இருவேறு அளவுகோல்களில் தண்டனை வழங்கப்பட்டது. 500 கிராம் தூள் கோகைன் விற்றவருக்கு நடுவண் சட்டம் விதித்த குறைந்தபட்சத் தண்டனை ஐந்தாண்டுச் சிறை. ‘கிராக்’ எனப்படும் கட்டிக் கோகைனை 5 கிராம் விற்றவருக்கும் அதே ஐந்தாண்டுதான். இது ‘நூறுக்கு ஒன்று’ விகிதம் எனப் பெயர் பெற்றது.

ஒரே பொருள், இரு வடிவங்கள்

தூள் கோகைனைச் சமையல் சோடாவுடன் நீரில் கலந்து சூடாக்கினால் கிராக் கிடைக்கிறது. போதை தரும் பொருள் இரண்டிலும் ஒன்றே. தூள் மூக்கால் உறிஞ்சப்படுகிறது, கிராக் புகைக்கப்படுகிறது. புகைக்கும்போது போதை சில நொடிகளில் ஏறி விரைவில் இறங்கிவிடும். சிறு கட்டிகளாக மலிவு விலைக்கு விற்கப்பட்டதால் 1980களின் நடுவில் நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் கிராக் வேகமாகப் பரவியது. தூள் கோகைனோ வசதி படைத்தோரின் பொருளாகக் கருதப்பட்டது.

தேர்தல் ஆண்டில் பிறந்த சட்டம்

1986 சூன் 19 அன்று, மேரிலாந்து பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் லென் பயஸ் கோகைனால் இறந்தார். பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்து இரண்டு நாள்களே ஆகியிருந்தன. அவர் பயன்படுத்தியது தூள் கோகைன். ஆனால் அவரது இறப்புக்குக் கிராக்கே காரணம் என்ற எண்ணம் பரவலாக நிலவியது.

அவ்வாண்டு நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல் நடைபெறவிருந்தது. கீழவை சனநாயகக் கட்சியிடமும், மேலவையான செனட் குடியரசுக் கட்சியிடமும் இருந்தன. போதைப்பொருளை ஒடுக்குவதில் தாமே கடுமையானவர்கள் எனக் காட்ட இரு தரப்பும் போட்டியிட்டன. விவாதத்தில் 20க்கு 1, 50க்கு 1 என்ற விகிதங்களும் முன்வைக்கப்பட்டு, இறுதியில் 100க்கு 1 நிலைத்தது. கீழவை 392–16 என்ற வாக்குகளில் மசோதாவை நிறைவேற்றியது. அதிபர் ரொனால்ட் ரேகன் அக்டோபர் 27 அன்று கையெழுத்திட்டார். 1988ஆம் ஆண்டுச் சட்டம், 5 கிராமுக்கு மேல் கிராக்கை வெறுமனே வைத்திருந்தாலே ஐந்தாண்டுச் சிறை என்றது.

விளைவுகள்

ஐந்து கிராம் என்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை. 400 கிராம் தூளுடன் பிடிபட்ட மொத்த வியாபாரிக்கு இந்தக் கட்டாயச் சிறை இல்லை. அதே தூளிலிருந்து செய்த சில கட்டிகளைத் தெருவில் விற்றவருக்கு அது உண்டு. சட்டத்தில் இனம் பற்றிய சொல் எதுவும் இல்லை. ஆயினும் கிராக் வழக்குகளில் தண்டனை பெற்றோரில் ஐந்தில் நான்கு பங்கினருக்கும் மேல் கறுப்பின மக்களாக இருந்தனர்.

திருத்த முயற்சிகள்

1995இல் நடுவண் தண்டனை ஆணையம் தனது நெறிமுறைகளில் இரு வடிவங்களையும் சமமாக நடத்தப் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதை நிராகரிக்க, சனநாயகக் கட்சி அதிபர் பில் கிளிண்டன் அந்த நிராகரிப்பில் கையெழுத்திட்டார். 2001இல் குடியரசுக் கட்சியின் பழமைவாதியும் முன்னாள் அரசு வழக்கறிஞருமான ஜெஃப் செஷன்ஸ், விகிதத்தை 20க்கு 1 ஆகக் குறைக்க மசோதா கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. 1986 சட்டத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜோ பைடன், பின்னாளில் அவ்வேறுபாடு தவறு என ஒப்புக்கொண்டு, 2007இல் அதை நீக்கும் மசோதாவை முன்வைத்தார்.

2010 ஆகஸ்ட் 3 அன்று பராக் ஒபாமா கையெழுத்திட்ட நியாயத் தண்டனைச் சட்டம், ஐந்தாண்டுக்குரிய கிராக்கின் அளவை 28 கிராமாக உயர்த்தியது. இதனால் விகிதம் 18க்கு 1 ஆனது. கிராக் வைத்திருந்ததற்கான ஐந்தாண்டுக் கட்டாயத் தண்டனையும் நீங்கியது. ஆனால் ஏற்கெனவே தண்டனை பெற்றவர்களுக்கு இது பொருந்தவில்லை. அவர்களுக்கு வழி திறந்தது 2018 திசம்பரில் டொனால்ட் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம். விகிதத்தை முற்றிலும் நீக்கும் மசோதா 2021இல் கீழவையில் 361–66 என நிறைவேறியும் செனட்டைக் கடக்கவில்லை.

மதிப்பீடு

இந்த அநீதியை எதிர்க்கட்சியின் குற்றமாகக் காட்ட இரு கட்சிகளுமே முயன்றதுண்டு. வரலாற்றுப் பதிவோ இருவரையும் சேர்த்தே குறிக்கிறது. சட்டம் சில மாதங்களில் உருவானது; அதைப் பாதியளவு திருத்தவே 24 ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளைச் சிறையில் கழித்தவர்கள் வாக்களித்த உறுப்பினர்கள் அல்லர்.