எந்தக் குரூப்?

சித்திரைத் திருவிழா முடிந்து, அழகர் தம் மலைக்குத் திரும்பி, வைகை மணலில் வெயிலைத் தவிர வேறொன்றும் மிஞ்சாத நாட்களில் பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியாகும்போது, மதுரை நகரத்திலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி முதலிய சுற்றூர்களிலும் மாமன்மாரும் அத்தைமாரும் பிள்ளைகளை நிறுத்திக் கேட்கும் கேள்வி ஒன்றே: “எந்தக் குரூப்பு எடுக்கப் போறே?” கணிதத்தோடு உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்பா, கணிதத்தை விட்டுத் தாவரவியலும் விலங்கியலும் படிக்கும் ‘பியூர் சயின்ஸா’, உயிரியலுக்குப் பதிலாகக் கணிப்பொறி வைத்த குரூப்பா என்று பதினைந்து வயதுக் குழந்தை ஒரு வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும். அந்தச் சொல்லைக் கொண்டு, அது பின்னாளில் வைத்தியராகக் கூடுமா கூடாதா என்பதைக் குடும்பமே நிர்ணயித்துவிடுகிறது. இவ்வழக்கம் ஆதிகாலந்தொட்டு வந்தது போலவே நமக்குத் தோன்றினாலும், உண்மையில் இதன் சரித்திரம் நூறாண்டுகளைச் சற்றே கடந்தது.

அதற்கு முன்பு சென்னை சர்வகலாசாலையின், பட்டப் படிப்புக்கு முந்திய எஃப்.ஏ. வகுப்பில் குரூப் என்ற பேச்சுக்கே பெரிதும் இடமில்லை. ஆங்கிலமும் கணிதமும் சரித்திரமும் படித்தவன், உடலின் இயக்கங்களை விளக்கும் சரீர சாஸ்திரத்தையும் படித்தே தேற வேண்டியிருந்தது. கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாத ஸ்ரீநிவாச ராமானுஜன் 1906-லும் 1907-லும் எஃப்.ஏ. பரீட்சையில் தவறியதற்குச் சரீர சாஸ்திரமும் ஒரு காரணம் என்பதை அவருடைய சரித்திரத்தைப் படித்தவர்கள் அறிவார்கள். அதே காலத்தில், மதுரைக்கு வடகிழக்கேயுள்ள புதுக்கோட்டையில், ஆண்கள் மட்டுமே பயின்றுவந்த மகாராஜா கல்லூரியில், பலருடைய ஆட்சேபத்தையும் மீறி மன்னரின் அனுமதியால் இடம்பெற்ற முத்துலட்சுமி, அங்கே தேறி, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார். ஒரே பாடத்திட்டம் ஒரு மகா மேதையை வெளியே தள்ளியதையும், ஒரு பெண்ணுக்கு வைத்தியத்தின் வாயிலைத் திறந்ததையும் சேர்த்து நினைக்கும்போது, எல்லோரும் எல்லாம் படித்த அக்காலத்தைப் பொற்காலம் என்று புகழவும் எனக்கு நா எழவில்லை. குரூப் பிரித்ததைக் குற்றம் என்று தள்ளவும் மனம் வரவில்லை.

மதுரையிலோ, 1880-இல் கல்லூரியாக உயர்ந்த மதுரைக் கல்லூரியும், 1881-இல் பசுமலையில் அமெரிக்க மிஷனார் தொடங்கிப் பின்னர் நகருக்குக் கொண்டுவந்த அமெரிக்கன் கல்லூரியும் இருந்தனவேயன்றி, வைத்தியம் கற்பிக்கும் கல்லூரி நெடுங்காலம் ஏற்படவில்லை. இந்த மிஷன் 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது என்பதும், அதே மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1860களில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, அங்காதிபாத நூல் முதலியவற்றைத் தமிழில் அச்சிட்டார் என்பதும் நினைக்கத் தக்கவை. அந்த முயற்சி வேரூன்றியிருந்தால், தமிழில் படித்து வந்த கிராமத்துப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியின் முதலாண்டில் ஆங்கிலப் புத்தகத்தின் முன் திகைத்து நின்ற துன்பத்தில் பாதியாவது குறைந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

எஃப்.ஏ. போய் இன்டர்மீடியட் வந்தபோதுதான், மொழிப் பாடங்களோடு மூன்று விருப்பப் பாடங்களைத் தேர்ந்துகொள்ளும் முறை நிலைத்தது. பௌதிகம், ரசாயனம் இவற்றோடு கணிதத்தைக் கொண்டவன் இன்ஜினீயராகவும், இயற்கைச் சாஸ்திரத்தைக் கொண்டவன் வைத்தியனாகவும் போவான் என்ற எண்ணம் நம் வீடுகளில் அன்றுதான் முளைவிட்டது. ஆயினும் அக்காலத்தில் கதவு இவ்வளவு சீக்கிரம் சாத்தப்படவில்லை. பட்டமே பெற்ற பிறகு வைத்தியத்துக்குத் திரும்பியவர்களும் இருந்தனர். எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரத்தில் 1918-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் உறவுப் பெண்கள் மூவர் பிரசவத்தோடு வந்த நோயில் மாண்டதைக் கண்டு வைத்தியராக வேண்டுமென்று உறுதிகொண்ட கோ. வெங்கடசாமி, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ரசாயனத்தைப் பாடமாகக் கொண்டு 1938-இல் பி.ஏ. பட்டம் பெற்று, அதன் பின்னரே சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் பயின்று 1944-இல் தேறினார். முடக்குவாதம் விரல்களை வளைத்துவிட்டபோதும் கண் சிகிச்சையைக் கைக்கொண்டு, 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய அவரைப் பதினைந்து வயதில் ஒரு படிவத்தின் கட்டத்துக்குள் அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

1940-இல் கவர்னர் எர்ஸ்கின் பெயரால் திறக்கப்பட்டு, இன்று ராஜாஜியின் பெயரைத் தாங்கும் பெரிய ஆஸ்பத்திரி கண்ணெதிரே நின்றும், வைத்தியம் கற்க நினைத்த மதுரைப் பையன் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருந்த நிலை, 1954-இல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கிய பின்னரே மாறிற்று. அதற்குள் 1948-இல் லேடி டோக், 1949-இல் தியாகராசர், 1953-இல் பாத்திமா என்று கல்லூரிகள் பெருகியிருந்தன. 1950களின் நடுவில் இன்டர்மீடியட் கழிந்து, பி.யூ.சி. என்ற ஓராண்டுப் புகுமுக வகுப்பு வந்தபோது, அக்கல்லூரிகளின் ஆய்வுகூடங்களில்தான், தவளையை மெழுகுத் தட்டில் குத்தி வைத்து, அதன் நரம்புகளை ரெக்கார்டு நோட்டில் வரைந்த பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், மருத்துவக் கல்லூரிக்குத் தயாரானார்கள்.

அந்த ஆண்டுகளில் பாடத்தைத் தேர்வது இரண்டு படியாக இருந்தது. உயர்நிலைப் பள்ளியிலேயே பொதுக் கணிதமா, காம்போசிட் கணிதமா என்று ஒருமுறை, பி.யூ.சி.யில் எந்தக் குரூப் என்று மறுமுறை. கிராமத்துப் பையனுக்கு இரண்டாவது படியே பெரும் பாரம். கல்லூரி நகரத்தில், விடுதிக்குப் பணம் வேண்டும், பதினோராண்டு தமிழில் படித்ததை ஒரே ஆண்டில் ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். 1978-இல் மேல்நிலைக் கல்வி பள்ளிக்கூடத்துக்கே வந்து, ‘பிளஸ் டூ’ என்ற பெயர் நாவில் புகுந்தபோது, உயிரியல் ஆய்வுகூடம் ஊர்ப் பள்ளிக்கே வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுக் கல்விச் சரித்திரத்தில் இதைப் போன்ற பெரிய நன்மைகள் சிலவே என்று தயங்காமல் சொல்வேன். நகரத்துக்குப் போகவே வழியில்லாத வீடுகளின் பிள்ளைகள் அதனால்தான் வைத்தியம் என்ற சொல்லைத் தமக்கும் உரியதாகக் கருதத் துணிந்தனர்.

பின்னர் வந்தது மதிப்பெண்ணின் சரித்திரம். 1984 முதல் மருத்துவச் சேர்க்கைக்கு மாநில நுழைவுத்தேர்வு. உயிரியலுக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50, நுழைவுத்தேர்வுக்கு 100 என்று முந்நூறுக்குக் கணக்கு. 2007-இல் அத்தேர்வு நீங்கி, இருநூறுக்குக் ‘கட் ஆஃப்’. 2017 முதல் அகில இந்திய நீட் தேர்வு. அதன் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கே. இருநூறிலும் பாதி, எழுநூற்று இருபதிலும் பாதி என்ற இந்த விகிதம் மாறாதிருக்க, அந்தப் பாதியைப் பெறும் வழி மட்டும் ஊர்ப் பள்ளியின் வகுப்பறையை விட்டுக் கட்டணப் பயிற்சி மையங்களுக்கு நகர்ந்துபோயிற்று. இதைக் கண்டே 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று.

இவ்வளவு கெடுபிடியில் உயிரியல், வைத்தியத்தின் வாயிற்படி என்ற அளவிலேயே மதிக்கப்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணாக்கரும், சூரிய ஒளி புகாத குகையிலும் வெளவால்கள் பொழுதை எவ்வாறு அறிகின்றன என்று ஆண்டுக்கணக்கில் இரவு விழித்து ஆராய்ந்து, உயிர்களின் உட்கடிகாரத்தைப் பற்றி உலகம் கவனிக்கும் உண்மைகளை வெளியிட்டார்கள். விலங்கியலை அதன் பொருட்டே கற்கும் பிள்ளைக்கு நம் ஊரிலேயே இத்தகைய முன்னோர் இருக்கிறார்கள் என்பதை, மருத்துவ இடம் கிடைக்காமல் சோர்ந்து வரும் பிள்ளையிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

பெற்றோரையும் தலைமையாசிரியர்களையும் நான் வேண்டிக்கொள்வது இது: குரூப்பைக் கேட்பதற்கு முன், பத்தாம் வகுப்பின் கோடை விடுமுறையில் ஒரு நாளேனும், பிள்ளையை உங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியின் உயிரியல் ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் சென்று, நுண்ணோக்கியில் ஒரு வெங்காயத் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள், அது கண்ணை எடுக்க மனமின்றி நிற்கிறதா, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்கிறதா என்று கவனியுங்கள். அந்தப் பள்ளியில் நுண்ணோக்கி இல்லையென்றால், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் முதல் தீர்மானம் அதைப் பற்றியதாக இருக்கட்டும். பிள்ளை வேறு குரூப் எடுத்துப் பின்னர் மனம் மாறினாலும் திட்டாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் அனுமதித்துவிட்டது.