ஏட்டிலிருந்து எந்திரத்திற்கு

ஆவணங்களைக் காவாத இனம் தன் வரலாற்றைப் பிறர் கையில் ஒப்படைத்த இனமாகும். செல்லரித்துக் கிடந்த ஏடுகளைத் தேடித் திரட்டிய உ. வே. சாமிநாதையர், 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அச்சேறியவை பிழைத்தன, அச்சேறாதவற்றுள் பல மறைந்தன. அதே சோதனை இன்று செயற்கை நுண்ணறிவின் வடிவில் மீண்டும் வந்துள்ளது.

எந்திரம் மொழியைக் கற்கும் முறைக்கு வித்திட்டவர்களுள் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் ஒருவர். முன்வந்த எழுத்துகளையும் சொற்களையும் கொண்டு அடுத்து வரக்கூடியதைக் கணக்கிடலாம் என்பதை 1948-இல் அவர் விளக்கினார். 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வகுத்த 'டிரான்ஸ்ஃபார்மர்' என்னும் அமைப்பு, ஒரு பகுதியில் எச்சொல் எச்சொல்லோடு உறவுடையது என எடைபோடும் ஆற்றலைத் தந்தது. எந்திரத்திற்கு வாக்கியங்கள் அளிக்கப்படுகின்றன. அடுத்த சொல்லை அது ஊகிக்கிறது. ஊகம் பிழையாயின் தன் உட்கணக்கைச் சற்றே திருத்திக்கொள்கிறது. எண்ணற்ற முறை இவ்வாறு திருந்திய பின்னரே, ஓர் ஆவணத்தைச் சுருக்கவும் புதிதாக ஒன்றை வரையவும் வல்லதாகிறது. தாளில் உள்ளதாயின், முதலில் அதனைப் படமாக்கி எழுத்துகளை இனங்காண வேண்டும். தலைப்பு, பத்தி, கட்டம் ஆகியவற்றின் இருப்பிடத்தையும் அறிய வேண்டும்.

தமிழை எந்திரம் கற்க வழிசெய்தோர் பலர். மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். 1991-இல் யூனிகோடு தமிழெழுத்துகளுக்கு உலகப் பொதுக் குறியீடு வகுத்தது. 1998-இல் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தின்வழி, பல நாட்டுத் தமிழர்கள் ஊதியம் கருதாது இலக்கியங்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றினர்.

இலக்கியம் ஏறிற்று, தோட்ட வாழ்வோ பெரும்பாலும் தாளிலேயே தங்கிவிட்டது. மலாக்கா மாநிலத்துச் செர்காம், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரங்களில் தமிழர் சிந்திய வியர்வைக்குச் சான்று எங்கே? கோயில் திருவிழா அழைப்பிதழ்கள், பள்ளி ஆண்டு மலர்கள், சங்கக் கூட்டக் குறிப்பேடுகள், பழைய கடிதங்கள் ஆகியவையே சான்று. 'பெரட்டு', 'மங்கு', 'கங்காணி' என்னும் சொற்கள் உயிரோடு உலவிய தாள்கள் அவை. தோட்டங்கள் கைமாறி மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, அத்தாள்களும் சிதறின.

இழந்த ஏடு வெற்றிடத்தை விட்டுச் சென்றது. அறிஞர் அவ்வெற்றிடத்தைக் கண்டு வருந்தினர். எந்திரமோ பலவேளைகளில் வெற்றிடத்தை வெற்றிடமாக விடுவதில்லை. கல்லாத ஒன்றைக் கேட்டால், மெய்போல் தோன்றும் பொய்யைத் திருத்தமான நடையில் எழுதித் தரவும் கூடும். முன்னோரின் வாழ்வை அறியாத இளந்தலைமுறை அதனையே வரலாறென நம்பிவிடும். மறதியினும் கொடியது இது.

இதற்கு மாற்று எளியது. வீட்டுப் பரணிலும் ஆலய அலமாரியிலும் கிடக்கும் மலர்களையும் ஏடுகளையும் திரட்டிப் படமெடுத்து, ஊரும் ஆண்டும் குறித்து, பிழையறத் தட்டெழுதி வைக்க வேண்டும். தனியார் மறைபொருள்களை வெளியிடாது காக்க வேண்டும். சாமிநாதையர் ஊர் ஊராக நடந்தார். இன்றைய தமிழர் தம் வீட்டுப் பரணில் ஏறினாலே போதும்.