விழித்திரையைக் காக்கும் ஊசி



உடலில் இரத்தக் குழாய் வளர்வது பெரும்பாலும் நன்மைக்கே. ஆறுகின்ற புண்ணுக்கு ஊட்டம் கொண்டு செல்வது அவ்வளர்ச்சியே. ஆயின் கண்ணின் உட்புறத்திலுள்ள விழித்திரையின் மேலோ அடியிலோ வேண்டாத குழாய்கள் முளைக்குமாயின், அவை பார்வைக்குப் பகையாகின்றன. அவை மெலிந்தவை, எளிதில் கசிந்து உடைபவை. நீரிழிவு முற்றியோருக்கும், முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி நலிந்தோருக்கும் இக்கேடு நேர்வதுண்டு.

இக்குழாய்கள் முளைப்பதற்குக் காரணம் யாது? கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய ஐசக் மைக்கேல்சன் என்னும் கண் மருத்துவர் 1948-இல் ஒரு கருத்தை வெளியிட்டார். பிராணவாயு போதாத விழித்திரை ஏதோ ஒரு பொருளைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கிறது என்பதே அது. அப்பொருள் யாதென அன்று எவரும் அறிந்திலர்.

பொருளை அறியாத நிலையில், முளைத்த குழாய்களைச் சுடுவதே வழியாயிற்று. 1950-ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் மையர் ஷ்விக்கெராத் கடும் ஒளியைக் கொண்டு விழித்திரையைச் சுடும் முறையை வகுத்தார். பின்னர் லேசர் வந்தது. பலர் பார்வை இதனால் பிழைத்தது. எனினும் நடுப்பகுதியில் முளைத்த குழாயைச் சுட்டால், அவ்விடத்துப் பார்வையும் உடன் போயிற்று.

விடை புற்றுநோய் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. கட்டிகளும் இரத்தக் குழாய்களை வரவழைத்தே வளர்கின்றன என்று பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் ஜூடா போக்மன் 1971-இல் எழுதினார். 1983-இல் அதே நகரில் துவோராக் குழுவினர் குழாய்களைக் கசியச் செய்யும் புரதமொன்றைக் கண்டனர். 1989-இல் கலிபோர்னியாவில் பெராரா குழுவினர், மாட்டின் பிட்யூட்டரிச் சுரப்பி அணுக்களிலிருந்து குழாய்களை வளரச் செய்யும் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். இரண்டும் ஒன்றே எனத் தெரிந்தது. நீரிழிவால் புதுக் குழாய் முளைத்த கண்களில் அப்புரதம் மிகுந்திருப்பது 1994-இல் காட்டப்பட்டது. மைக்கேல்சன் கருதிய பொருள் 46 ஆண்டுகளுக்குப் பின் அகப்பட்டது.

அப்புரதத்தைத் தடுக்கும் பெவாசிஸுமாப் என்னும் மருந்து 2004-இல் குடற்புற்றுக்காக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கண்ணுக்கென்றே செய்த ரானிபிஸுமாப் 2006-இல் வந்தது. முதுமை நோயில் இதனைச் சோதித்தபோது, ஓராண்டு முடிவில் நூற்றுக்குச் சுமார் 95 பேர் பெரிய பார்வையிழப்பின்றித் தப்பினர். மூவரில் ஒருவர் எழுத்துப் பலகையில் மூன்று வரிகள் கூடுதலாகப் படித்தனர்.

ஆனால் விலை? அன்று ஒரு ஊசிக்கு ஏறத்தாழ 2,000 டாலர் ஆயிற்று. 2005-இல் மயாமி நகர மருத்துவர் பிலிப் ரோசன்பெல்டு, புற்றுநோய் மருந்தையே சிறு அளவில் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்திருந்தார். அதற்கு ஆன செலவு ஏறத்தாழ 50 டாலரே. மலிவான மருந்து அதற்கு ஈடாகுமா என்ற வழக்கை, அமெரிக்க அரசின் பொருளுதவியுடன் நடந்த சோதனை 2011-இல் தீர்த்தது. ஓராண்டில் இரண்டும் பார்வைக்குச் சமமான பயனே தந்தன. ஏழை நாடுகளின் நோயாளிகளுக்கு இம்முடிவு பெரும் ஆறுதலாயிற்று. 2015-இல் ரானிபிஸுமாபை ஒத்த மருந்து நம் நாட்டிலேயே செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது.

இவ்வூசி நோயின் வேரை அறுப்பதன்று. மருந்தின் வலிமை சில வாரங்களில் குறையும். எனவே மருத்துவர் குறித்த நாளில் மீண்டும் செல்லுதல் வேண்டும். பணி நிமித்தம் ஊர் மாறும் நம்மவர், முந்திய சிகிச்சைக் குறிப்புகளை உடன் கொண்டு செல்வது நலம். நீரிழிவுடையோர் ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதித்துக் கொள்க. நேர்க்கோடு வளைந்து தோன்றுமாயின் காலந்தாழ்த்தற்க. அழிந்துபோன விழித்திரையை மீட்கும் ஆற்றல் இவ்வூசிக்கு இல்லை.