வாள் எடுக்காத வீரம்

அனுமந்தை உப்பளத்து வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். உடன் வந்த சிறுவன் கையைப் பிடித்து இழுத்தான். "ஒரு ராஜா கதை சொல்லுங்க, தாத்தா! சண்டை இருக்கணும்!"

அவன் மீது குற்றமில்லை. வாளும் குதிரையும் இல்லாவிட்டால் வீரமே இல்லை என்று குழந்தைகளைப் பழக்கியவர்கள் சரித்திரக் கதை எழுதும் நாங்கள்தாமே! ஆகவே இதே உப்புக் காற்று வீசும் குஜராத்துக் கடற்கரைக்கு அவனை அழைத்துப் போனேன்.

1939-இல் ஜெர்மனியும் சோவியத் ரஷ்யாவும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன. 1940-லும் 1941-லும் சோவியத் அரசு போலந்துக் குடும்பங்களைக் கூட்டம் கூட்டமாகச் சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் நாடு கடத்தியது. பசியும் நோயும் பெற்றோர் பலரைக் கொண்டுபோயின. அநாதையாக நின்ற குழந்தைகளுக்கு 1942-இல் கதவைத் திறந்தார் நவநகர் மன்னர் ஜாம் சாகேப் திக்விஜயசிங். ஜாம்நகருக்கு அருகே பாலாசடியில் அவர்களுக்கு வீடும் பள்ளியும் அமைந்தன. தம்மைத் தந்தையாக நினைக்கும்படி மன்னர் சொன்னதை, முதுமையிலும் அவர்கள் மறக்கவில்லை. இன்று போலந்தின் தலைநகர் வார்ஸாவில் ஒரு சதுக்கம் 'நல்ல மகாராஜா' பெயரைத் தாங்கி நிற்கிறது.

சிறுவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பசங்க பேசறது இங்கே யாருக்கும் புரியாதே! யார் தாத்தா அவங்களோட விளையாடியிருப்பாங்க?" என்றான்.

சண்டை எங்கே என்று அவன் கேட்கவில்லை, பார்த்தீர்களா? நான் எழுத வேண்டிய கதை அவன் கேள்வியில்தான் தொடங்குகிறது.