பெரியம்மைப் பட்டியலும் ஒரு பழைய பூசலும்

உயர்வு, நடு, தாழ்வு ஆகிய மூன்று சொற்களை வகைகளாக ஏற்றி எண்ணாக மாற்றுமாறு ‘ஆர்’ என்னும் புள்ளியியல் நிரல்மொழியைப் பணித்துப் பார்ப்போம். வரிசை இன்னதென்று நாம் சொல்லாவிட்டால் அது அகரவரிசையைக் கைக்கொள்ளும். உயர்வு 1, தாழ்வு 2, நடு 3 என்றாகிவிடும். சொல்லின் பொருள் கணினிக்குத் தெரியாது. பொருள் தெரிந்த அறிஞர்களும் இதில் ஒன்றுபட்டதில்லை என்பதுதான் வரலாறு.

அளவிட இயலாத பண்புகளுக்கு இடையிலான உறவை எண்ணால் உரைப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு 1900ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இரு விடைகள் வெளியாயின. ஒன்று கார்ல் பியர்சனுடையது. மற்றது முன்னர் அவரிடம் உதவியாளராயிருந்த உட்னி யூலுடையது. கண்ணின் நிறம் போன்றவற்றை ஆராய்ந்த பியர்சன், பெயர்களுக்குப் பின்னே தொடர்ச்சியானதோர் அளவு மறைந்திருப்பதாகக் கொண்டார். நீலம், பழுப்பு என்பன அவ்வளவுகோலில் நாம் வகுத்த பகுதிகள். அளவோ மணிவடிவில் பரவியிருப்பது. யூல் அத்தகைய எதையும் கற்பிக்கவில்லை. உண்டு, இல்லை என்னும் எண்ணிக்கைகளே அவருக்குப் போதுமாயிருந்தன.

1912இல் யூல் பியர்சனின் முறையை வெளிப்படையாக மறுத்தார். பெரியம்மைப் பட்டியலில் தடுப்பூசி பெற்றோர், பெறாதோர், பிழைத்தோர், இறந்தோர் என நான்கே கட்டங்கள். இறந்தோர் அனைவரும் ஒருபடித்தாகவே இறந்தவர்கள். சாவில் கூடுதல், குறைவு ஏது என்பது அவர் வாதம். மறு ஆண்டே பியர்சனும் டேவிட் ஹெரானும் நூற்றைம்பது பக்கங்களுக்கு மேல் மறுப்பெழுதினர்.

பியர்சன் பக்கமும் நியாயமில்லாமல் இல்லை. சாவுக்குப் படிகள் இல்லை. நோயின் கடுமைக்கு உண்டு. ஆனால் ஒரே பட்டியல் இரு முறைகளிலும் வெவ்வேறு எண்ணைத் தரும். தடுப்பூசி எவ்வளவு காத்தது என்று கேட்பவருக்கு எதைச் சொல்வது?

பியர்சன் 1936இல் மறைந்தபோது ராயல் சொசைட்டிக்காக அவரைப் பற்றிய நினைவுக் கட்டுரையை எழுதிய இருவரில் யூலும் ஒருவர். அவ்விருவர் முறைகளும் இன்றைய மென்பொருள்களில் அருகருகே இருக்கின்றன. இரண்டில் எது பொருந்தும் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. பெயருக்குப் பின்னால் அளவு உண்டா என்று முதலில் முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமே.